தொட்டி மாற்றுதல்

தொட்டிச் செடி வாடினால் மேலும் மேலும் நீர் வார்ப்பதே நம்மவர் வழக்கம். வேரைப் பாராது நீர் வார்ப்பது பேணுதல் ஆகாதென்பது என் கருத்து.

என் அன்னையார் வைத்துச் சென்ற மல்லிகை சென்ற ஆண்டு வாடிற்று. நாள்தோறும் இருமுறை நீர் வார்த்தும் பயனில்லை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன்; வேர்கள் வளையம் வளையமாய்ச் சுற்றி, மண்ணே தெரியாதபடி இறுகிக் கிடந்தன. வார்த்த நீர் ஓரமாய் வழிந்தோடியதேயன்றி உள்ளே சேரவில்லை. இரங்கி, அதனை மிகப் பெரிய தொட்டியொன்றில் நட்டேன். அதுவே என் பெரும்பிழை. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி, வேர் அழுகிச் செடி மடிந்தது.

ஆதலின், 6 அங்குலத் தொட்டியிலுள்ள செடிக்கு அடுத்தபடி 8 அங்குலத் தொட்டியே போதும். அடியில் துளை இன்றியமையாதது. சுற்றிய வேர்களை மெல்லப் பிரித்து, முன்னிருந்த ஆழத்திலேயே நட்டு, சின்னாள் நிழலில் வைத்தல் வேண்டும்.

நல்வினைப் பயனாக, மடியுமுன் ஒடித்து நட்ட கிளையொன்று வேர்கொண்டது. அது இப்பொழுது 4 அங்குலத் தொட்டியில் தளிர்க்கிறது. இம்முறை நான் அவசரப்படேன்.