அணுகுண்டும் ஒரு சிட்டிகை உப்பும்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் ஊர் வரும் நம் இளைஞர்களிடம் பாகிஸ்தானையும் பங்களாதேஷையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "பாகிஸ்தான்காரன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான், அவனிடம் அணுகுண்டு இருக்கிறது. பங்காளியோ பாவம், வெள்ளத்தையும் பட்டினியையும் தவிர வேறென்ன கண்டான்?" என்பார்கள். 1971 வரை ஒரே நாடாக இருந்த இரண்டு பகுதிகளைப் பற்றி நம்மவர்களிடம் ஊறிப்போன எண்ணம் இது. நிலைமையோ என்றோ தலைகீழாகிவிட்டது. (பாகிஸ்தான் என்று நாம் எழுதினாலே பூதக்கண்ணாடியோடு வருகிற ஒரு கூட்டம் உண்டு. வரட்டும், இதையும் படிக்கட்டும்!)

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1951 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி கிழக்குப் பாகிஸ்தானில் 4.2 கோடிப் பேர், மேற்கில் சுமார் 3.4 கோடிப் பேர். பெரும்பான்மை கிழக்கில் இருந்தும் தலைநகரம் மேற்கில், இராணுவத் தலைமை மேற்கில், உயர் அதிகாரிகள் மேற்கில். கிழக்கின் சணல் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி மேற்கின் ஆலைகளுக்குப் போனது. 1970 நவம்பர் புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போதும் இஸ்லாமாபாத் ஆட்சியாளர்கள் காட்டிய மெத்தனம் பிரிவினைக்கு எண்ணெய் வார்த்தது. அடுத்த ஆண்டு போர், 1974-ல் பஞ்சம். இந்த நாடு பிறர் கையை எதிர்பார்த்தே கிடக்கும் என்று வாஷிங்டனில் இருந்தவர்கள் ஏளனம் பேசினார்கள்.

அந்த நாடு எப்படி எழுந்தது? எண்ணெய்க் கிணறு கிடைத்ததா? தங்கச் சுரங்கம் கிடைத்ததா?

வயிற்றுப்போக்கால் பச்சிளம் குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்த மண் அது. டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 1968-ல் ஒன்றை நிரூபித்தார்கள். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் காலரா நோயாளியைக் கூடக் காப்பாற்றலாம். ஆனால் அது குக்கிராமத்துக் குடிசைக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972-ல் தொடங்கிய 'பிராக்' தொண்டு நிறுவனம் இதற்கு வழி கண்டது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் படியேறினார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களைக் கலக்கச் சொல்லிப் பழக்கினார்கள். ஏறிய வீட்டுக்கு இவ்வளவு என்று ஊழியருக்குக் கூலி கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவில் நிற்கிறதோ, அதற்கேற்பத்தான் கூலி! வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1994-ல் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை நாடெங்கும் வந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும், குறிப்பிட்ட மதிப்பெண் வாங்க வேண்டும், படிப்பு முடியும்வரை திருமணம் கூடாது என்று நிபந்தனைகள்.

பலன் என்ன? பிரியும்போது சராசரி ஆயுளில் பாகிஸ்தான்தான் முன்னால் நின்றது. இன்று பங்களாதேஷ் 70 வயதைத் தாண்டிவிட்டது, பாகிஸ்தான் இன்னும் 70-ஐத் தொடவில்லை. பாகிஸ்தானில் பிறக்கும் 1000 குழந்தைகளில் சுமார் 50 முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. பங்களாதேஷில் ஏறத்தாழ அதில் பாதி. ஐ.நா.வின் 2023-24 மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் பங்களாதேஷ் 129-வது இடத்திலும் பாகிஸ்தான் 164-வது இடத்திலும் இருக்கின்றன. நிலப்பரப்பிலோ பாகிஸ்தான் ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது!

பாகிஸ்தான் மக்களை நாம் குறை சொல்லவில்லை. கராச்சித் தெருக்களில் அனாதைப் பிணங்களையும் சுமந்த அப்துல் சத்தார் ஈதியைப் பெற்ற மக்கள் அவர்கள். குற்றம் ஆண்டவர்களுடையது. இராணுவம் மீண்டும் மீண்டும் ஆட்சியைப் பறித்தது, நிலப்பிரபுக்கள் சட்டமன்றங்களை நிரப்பினார்கள். 1998 மே 28-ல் சாகாய் மலையில் அணுகுண்டு வெடித்தபோது இங்கும் சிலர் பெருமிதப்பட்டார்கள். அதே நாடு 2023 மே மாதத்தில் 38 விழுக்காடு விலைவாசி உயர்வில் திணறியது. 2024 மே மாதத்தில், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாகச் சொல்லி, பிரதமரே கல்வி அவசரநிலையை அறிவித்தார். போலியோ கிருமி ஒழியாத நாடுகள் உலகில் இரண்டே இரண்டு. ஒன்று ஆப்கானிஸ்தான், மற்றொன்று எது என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

அப்படியானால் பங்களாதேஷ் சொர்க்க பூமியா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வளர்ச்சிக் கணக்கைக் காட்டிக்கொண்டே எதிர்க்கட்சிகளை ஒடுக்கினார் ஷேக் ஹசீனா. 2024 ஜூலையில் இட ஒதுக்கீட்டு முறையை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோது துப்பாக்கிதான் பதில் சொன்னது. அந்தக் கிளர்ச்சியில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கணிப்பு. ஆகஸ்ட் 5-ல் அவர் நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது.

திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்யும் சகோதரர்கள், டாக்கா சரக்கோடு விலையில் போட்டியிட முடியவில்லையே என்று அங்கலாய்க்கிறார்கள். ஐரோப்பா கொடுத்த சுங்கவரி விலக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூலி. 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் நசுங்கி இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டு உள்ளே போகத் தயங்கியவர்கள் அவர்கள். பத்தாண்டு கழித்து, 2023 டிசம்பரிலிருந்து, குறைந்தபட்ச மாதக் கூலி 12,500 டாக்கா என்று அரசு நிர்ணயித்தது. தொழிலாளர்கள் கேட்டது 23,000. அதைக் கேட்டு வீதியில் இறங்கியவர்களில் சிலர் உயிரோடு வீடு திரும்பவில்லை.