பெயின்டை விடுங்கள், முதலில் பிரேக்கைப் பாருங்கள்



நம்மூர்த் தம்பி ஒருவர் கூரை மடிக்கும் மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கி வந்து முற்றத்தில் விட்டிருக்கிறார். படம் போட்ட நாளிலிருந்து ஆளுக்கொரு யோசனை. சிவப்பு பெயின்ட் அடி, அலோய் வீல் போடு, ஜப்பான் என்ஜின் இறக்கு, பெருநாளைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போவோம் என்று. நானும் போய்ப் பார்த்தேன். என் அபிப்பிராயம் வேறு. பெருநாளைக்கு ஓடாவிட்டாலும் பரவாயில்லை, வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

லொறிக்குத் தனியாகச் சேஸி உண்டு. மொரிஸ் மைனருக்கு அப்படியில்லை, உடம்பும் அடித்தளமும் ஒன்றாக வெல்ட் செய்த பெட்டி. சாதாரண மொரிஸில் கூரையும் பாரம் தாங்கும். இந்த வண்டியில் அந்தப் பாரமெல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டிக்கும் அடித்தளத்துக்கும் போகிறது. கறள் முதலில் பிடிப்பதும் அங்கேதான். தம்பபவனி காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சந்தேகமென்றால் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். நடுவில் ஜாக் வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினால், கதவு இறுகினால், அடி போய்விட்டது என்று அர்த்தம். அதன்மேல் பட்டி பூசி மினுக்குவது பணத்தைக் கடலில் போடுகிற வேலை. வெட்டி வெல்ட் செய்வதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பிடித்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

அடுத்தது முன்சக்கரம். கீழ் மூட்டை ட்ரனியன் என்பார்கள். மரை போட்ட மூட்டு அது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது கிரீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்து கழன்று, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். தாம்போதியில் பிள்ளைகளோடு போகும்போது அது நடந்தால்? பிரேக்கும் அப்படித்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று, ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே இருப்பதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஜப்பான் என்ஜின் கதைக்கும் இதுதான் பதில். 948 சிசி மொரிஸின் பலம் 37 குதிரைவலுதான், பிரேக்கும் அச்சும் அதற்கென்று செய்தவை. என்ஜினை மட்டும் பெரிதாக்கினால் நிற்பாட்டுவது யார்?

1948இல் வந்த இந்தக் காரின் கூரை மடிக்கும் வகையை 1969இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இலங்கையில் மொரிஸ் வேலை தெரிந்த கைகள் இருந்தன. இங்கே அடித்த மொரிஸ் தகரப் பாகங்கள் இங்கிலாந்துக்கே போயிருக்கின்றன! பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்பரேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கியவர்களால்தான் அது முடிந்தது. நம் பெரியவர்கள் 1990 ஒக்டோபரில் கல்பிட்டிக்குப் படகேறியபோது வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. ஆனால் கைத்தொழில் அவர்களோடு போய், திரும்பியும் வந்திருக்கிறது. அப்படி வந்த ஒரு மெக்கானிக் நானா நம்மிடம் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டார், கண்ணும் மங்கல்.

அவருக்குப் பின் யார்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திறந்தார்கள். அத்தனை வருடமும் பழைய வண்டிகளைத் திருத்தித்தானே ஓடினோம்? என் வகுப்பில் கணக்குக்குக் கொட்டாவி விடும் பொடியன்கள் இரண்டு பேர் அந்த முற்றத்தில் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து நானாவின் கையையே பார்க்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கொஞ்சம் பொறாமைதான். நாங்கள் அவர்களை "சாதாரண தரம் எழுதிவிட்டுக் கட்டாருக்குப் போ" என்கிறோம். போகட்டும், ஒரு தொழிலோடு போகட்டுமே.

தம்பியிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். காசு இறைக்குமுன் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கத்தை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு பொடியன்களையும் பின்னேரங்களில் வேலைக்குச் சேர்த்து, கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்துவிட்டார்.

இந்தக் கிழமை கொழும்புக்குப் போகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தையில் பிரேக் ரப்பர் செட் ஒன்று எடுத்துவர வேண்டும், அளவை நானா எழுதித் தருவார். அலோய் வீல் வாங்கித் தருவதாகச் சொன்னவர் அந்தக் காசை இதற்குத் தந்தாலும் சந்தோசம்.