சொல்லாமல் வாருங்கள்



சென்ற கிறிஸ்துமஸ் நாட்களில் நம்மில் சிலர் ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றதை நினைவுகூருவீர்கள். இல்லத்தின் பெயர் இப்போது வேண்டாம். ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டுச் சென்றோம். கழுவிய கூடத்தில் முதியவர்கள் வரிசையாய் அமர்த்தப்பட்டிருந்தார்கள். பாடினோம், பிரியாணி பரிமாறினோம், படம் எடுத்தோம். விடைபெறும் நேரத்தில் ஒரு பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயா, அடுத்த தடவை சொல்லாம வாங்க" என்றார். தனிமையில் வாடுகிறவர் பாசத்தோடு அழைக்கிறார் என்று எண்ணி, தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு வண்டியேறினேன். இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்ற எனக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைத் தியானித்தபோதுதான் அது உறைத்தது. ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் கைவிடப்பட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பரிசுத்த ஆவியால் நிறைந்த சபையிலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, "எங்கள் ஊழியத்தைக் கேள்வி கேட்கலாமா?" என்று சினக்கவுமில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நியமித்தார்கள். நமது பழைய தமிழ் வேதாகமம் அந்தப் பராமரிப்பை "விசாரணை" என்ற சொல்லால் குறிக்கிறது. இன்று அச்சொல்லைக் கேட்டால் காவல் நிலையமே நினைவுக்கு வருகிறது. பேணுதலும் கேள்வி கேட்டலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

2019 வரை நமக்குத் தாய் மாவட்டமாயிருந்த விழுப்புரத்தில், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் வெளிவந்தவற்றை மறந்திருக்க மாட்டீர்கள். முறையான அனுமதியின்றிப் பல ஆண்டுகள் நடந்த இல்லம் அது. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் முறையிட்டார்கள். 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. இது எப்படி வெளியே வந்தது? அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று அவருக்கு வேண்டியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றதால்.

கேட்க ஆளில்லாதவர் நிலை என்ன? கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்த தாய். பிள்ளைகள் பிழைப்புக்காக வெளிமாநிலத்தில். அவர் காணாமற்போனால் ஆட்கொணர்வு மனு போடுவது யார்? ஆகவே, புகார் வந்தபின் புறப்படும் கண்காணிப்பு போதாது. அறிவிக்காமல், குறித்த கால இடைவெளியில், பின்கட்டு அறைகள்வரை அதிகாரிகள் வரவேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் தீயில் 28 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. மனநல இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. குண்டலப்புலியூர் அதற்கும் பிற்பட்டது.

"அரசு நம் ஊழியங்களில் தலையிட இடங்கொடுக்கலாமா, ஐயரே?" என்று சபை மூப்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். சோதனை என்ற பெயரில் தொல்லைகள் நேர்வதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுலே தனியாக எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரை உடன் வைத்துக்கொண்டார், ஒருவரும் குறைசொல்ல இடமில்லாதபடி. அப்போஸ்தலனுக்குத் தேவைப்பட்ட சாட்சி நம் இல்லங்களுக்கு மட்டும் வேண்டாமா? பதிவுச் சான்றைக் காட்ட மறுக்கும் இல்லத்திற்கு, அது எந்தத் திருப்பெயரைத் தாங்கியிருந்தாலும், இனி நம் சபையிலிருந்து காணிக்கை செல்லாது. முதியவர் ஒருவர் துன்புறுவதை அறிந்தால் 14567 என்ற உதவி எண்ணை அழையுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கடந்த மாதம் சொல்லாமல் சென்றேன். அந்தப் பாட்டியின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். "சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்கள். பதிவேட்டைக் கேட்டேன், காட்டவில்லை. மனு எழுத உட்கார்ந்தபோது அவருடைய பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. அன்று என்னோடு வந்தவர்களே, நீங்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். வலப்புறச் சுவரோரம், பச்சைச் சேலையில், கையில் ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்தவர். ஞாயிறு ஆராதனைக்கு முன் என்னிடம் கொண்டுவந்து தாருங்கள்.