முன்கண்ணாடியில் மிச்சம் பிடிக்கலாமா?

சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் குவாரிகளிலிருந்து வரும் லோரிகளின் பின்னால் ஓட்டிய ஈப்போவாசிகளுக்குக் கல் தெறிப்பது புதிதல்ல. தோட்டத்துப் பிள்ளை சேமித்து ஆசையாய் வாங்கிய பழைய சத்ரியா ஜிடிஐ காரும் அதற்குத் தப்பாது. ரிம்முக்கும் ஒலிபெருக்கிக்கும் அள்ளிச் செலவிடும் நம் இளைஞர்கள், கண்ணாடி மாற்ற மட்டும் மலிவான பட்டறையைத் தேடுகிறார்கள். பசை இறுகுமுன்னே நெடுஞ்சாலையில் பறக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. முன்கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பா? கார் புரண்டால் கூரையைத் தாங்க அது துணை நிற்கிறது. பல கார்களில் பயணியின் காற்றுப்பை அதில் சாய்ந்தே விரிகிறது. பசை இறுகாவிட்டால் கண்ணாடியே கழன்றுவிடும்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். முழுக் காப்புறுதியோடு கண்ணாடிக் காப்பையும் சேர்த்து எடுத்திருந்தால், அதில் இழப்பீடு கோரினாலும் 55 விழுக்காடு வரை கிடைக்கும் என்.சி.டி. கழிவு பறிபோகாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி இதற்கு உதவாது. அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் கேளுங்கள், நண்பர்களே.