ராத்திரி வயிறு நிறைந்தும் விடிந்தால் பசிப்பது ஏன்?

"ராத்திரி அவ்வளவு சோறு சாப்பிட்டிய. விடியுமுன்னே பசிக்குன்னு சொல்லுதிய. வயித்துக்குள்ள என்ன பூதமா இருக்கு?"

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் காலை ஐந்து மணிக்குக் கேட்கிற பேச்சு இது. கேட்கிற மனைவிக்கு எரிச்சல். கேட்கப்படுகிற கணவனுக்கு வெட்கம். இரவு பத்தரை மணிக்குக் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு உள்ளே போயிருக்கிறது. கூடவே அப்பளம், பொரித்த மீன். நியாயமாகப் பார்த்தால் மறுநாள் மதியம் வரை பசிக்கக் கூடாது. ஆனால் பல் துலக்கி முடிப்பதற்குள் வயிறு கத்துகிறது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இரண்டு வடாபாவ், ஒரு கட்டிங் சாயா உள்ளே போன பிறகுதான் உலகம் கண்ணுக்குத் தெரிகிறது.

குடலில் பூச்சி இருக்கும் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. பெரும்பாலும் அந்தப் பூச்சி அங்கே இல்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

வயிறு ஒரு கோணிப்பை, இரவில் நிறையக் கொட்டினால் காலை வரை அளவு குறையாமல் இருக்கும் என்கிற எண்ணத்தில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. சோறும் குழம்புமான ஒரு சாப்பாட்டை இரைப்பை நாலைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் குடலுக்குத் தள்ளிவிடுகிறது. எண்ணெய் அதிகமானால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். எப்படியும் விடிவதற்குள் இரைப்பை ஏறக்குறையக் காலிதான். கொஞ்சம் சாப்பிட்டவனுக்கும் காலி, நிறையச் சாப்பிட்டவனுக்கும் காலி.

தவிரவும், பசி என்பது காலி இரைப்பை போடும் கூச்சல் மட்டும் அல்ல. இரத்தத்தில் ஓடுகிற சில சுரப்புகள் மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தகவல் அது. இரைப்பையிலிருந்து வரும் 'கிரெலின்' என்ற சுரப்பு, சாப்பிடும் வேளை வந்துவிட்டது என்று சொல்கிறது. இதை 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. போதும் என்று சொல்கிற 'லெப்டின்' உடம்பின் கொழுப்பிலிருந்து வருகிறது. இது 1994-ல் அமெரிக்காவில் ஜெப்ரி பிரீட்மன் குழுவின் கண்டுபிடிப்பு. இந்த இரண்டு பேருக்கும் கடிகாரம் தெரியும். தினமும் எந்த நேரத்தில் சாப்பாடு வருகிறதோ, அந்த நேரத்துக்குச் சற்று முன்பாகவே கிரெலின் ஏறத் தொடங்கிவிடும். தினமும் ஆறு மணிக்கு வடாபாவ் தின்பவனுக்கு ஆறு மணிக்குப் பசிப்பதில் பாதி, பழக்கத்தின் வேலை.

இன்சுலின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. அதை இறக்க கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஏற்றம் பெரிதாக இருந்தால் இறக்கமும் சிலருக்குப் பெரிதாக இருந்துவிடுகிறது. சாப்பிடுவதற்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே போய்விடுகிறது. 2021-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து யாருக்குச் சர்க்கரை அதிகமாக இறங்குகிறதோ, அவர்களுக்குச் சீக்கிரம் பசித்தது, அவர்கள் அடுத்த வேளை அதிகமாகவும் சாப்பிட்டார்கள்.

"ராத்திரி அதிகம் சாப்பிட்டதால் சர்க்கரை இறங்கிவிட்டது, அதனால் காலையில் பசிக்கிறது" என்று இதை வைத்துக்கொண்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதித் தூரம்தான் வரும். பத்தரை மணிக்குச் சாப்பிட்டவனுக்கு அந்த இறக்கம் வருவது நடு இரவில், அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது. அதன் பிறகு கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிட்டு அளவைச் சரிக்கட்டிவிடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு விடிகாலையில் சர்க்கரை அபாயமாகக் குறைந்து கிடப்பதில்லை. ஆகவே வேறு கூட்டாளிகளும் இருக்க வேண்டும்.

ஒரு கூட்டாளி, வேளை. காலையில் சாப்பிடும் அதே தட்டுச் சோற்றை இரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். இருட்டிய பிறகு உடம்பில் இன்சுலினின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதே காரணம். 2022-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், உடல் பருமனான 16 பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில், ஒரு முறை நேரத்தோடும் இன்னொரு முறை நாலு மணி நேரம் தள்ளியும் கொடுத்துப் பார்த்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது லெப்டின் குறைந்தது, பசிக்கிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது, உடம்பு செலவழிக்கிற சக்தியும் குறைந்தது. 16 பேர் என்பது சின்னக் கணக்குத்தான். ஆனால் தூக்கம், வெளிச்சம், சாப்பாடு எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்துச் செய்த சோதனை என்பதால் ஒதுக்கித் தள்ள முடியாது.

அதைவிடப் பெரிய கூட்டாளி தூக்கம். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, புரண்டு புரண்டு படுக்கிறான். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. கிரெலின் 28 சதவீதம் ஏறியது. பசி 24 சதவீதம் கூடியது. இரண்டே இரவுகளில் இவ்வளவு. இங்கே மும்பையில் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு இருபது வருஷம் ஓட்டியவர்கள் எத்தனை பேர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மனித உடம்பின் கடிகாரப்படி காலை எட்டு மணி சுமாருக்குப் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி சுமாருக்கு மிக அதிகமாகவும் இருக்க வேண்டும் என்று 2013-ல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. அப்படியானால் விடிகாலையில் ஒருவனை எழுப்பி உட்கார வைக்கிற பசி எல்லாம் பசியே அல்ல என்றுகூடச் சந்தேகிக்கலாம். இரவு அதிகமாகச் சாப்பிட்டதால் மேலேறிய அமிலம் காலையில் வயிற்றைச் சுரண்டுவது பசி போலவே இருக்கும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் போன உப்பு தண்ணீர் கேட்பதையும் பலர் பசி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எழுந்தவுடன் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கால் மணி பொறுத்துப் பார்த்தால் எது எது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இவ்வளவும் டாக்டர் சமாசாரம். கேட்கப்படாத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த மனிதன் இரவில் ஏன் அவ்வளவு சாப்பிடுகிறான்?

கல்யாணிலோ டோம்பிவிலியிலோ குடியிருந்து தாதருக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் நாளைப் பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும். காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற முடியாது. மதியம் டப்பாவில் மூன்று சப்பாத்தியோ ஆறிப்போன தயிர்ச் சோறோ. பட்டறையாக இருந்தால் அதுவும் நின்றபடி பத்து நிமிஷத்தில். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு விட வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே எழுதி வைத்தது. சந்துக்குள் இருக்கிற பட்டறை முதலாளிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு வருகிற பசியை இரண்டு கட்டிங் சாயா ஊற்றி அமுக்கிவிட்டு, ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்கிறார். பகல் முழுவதும் சேர்ந்த பாக்கியை உடம்பு ஒரே தட்டில் வசூலிக்கிறது. இவரைப் பெருந்தீனிக்காரர் என்று ஏசுவது அநியாயம். இரவில் நிறையச் சாப்பிடுகிறவர் பல சமயம் பகலில் பட்டினி கிடந்தவர்.

அந்த வீட்டுப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பதினோரு மணிக்கு, மிச்சம் வீணாகக் கூடாதே என்று சட்டியில் இருப்பதையும் வழித்துச் சாப்பிடுகிறாள். குழாயில் தண்ணீர் வருவது விடிகாலையில். நாலு மணிக்குக் குடத்தோடு நிற்க வேண்டும். ராத்திரிச் சோறும் குறைத் தூக்கமும் சேர்ந்து அவளுக்கும் அதே பசியைத்தான் தருகின்றன. ஆனால் அவளை யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

"இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள், ஏழு மணிக்கு இந்த ஆள் தாதர் பிளாட்பாரத்தில் நிற்கிறான் என்பதை மறந்துவிடுகிறார்கள். நேரத்தை மாற்ற முடியாதவனுக்கு அளவைத்தான் மாற்ற வழி சொல்ல வேண்டும். மாலை ஐந்து, ஆறு மணிக்கு ஒரு கை வறுத்த கடலையோ, சுண்டலோ, அவித்த முட்டையோ, இரண்டு வாழைப்பழமோ உள்ளே போனால், வீட்டுக்கு வரும்போது அந்த வெறி இருக்காது. காலையில் கிளம்பும்போதே டப்பாவோடு இன்னொரு சின்ன டப்பாவில் சுண்டல் போட்டுக் கொடுக்கலாம். இரவில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் காயும் மீன் துண்டும் கூட்டிச் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது. வயிறும் பாரமாகாது. காலையில் வடாபாவ்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாராவியில் தமிழர்கள் அவித்துத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்கும் இட்லியை மும்பை முழுவதும் வாங்கித் தின்கிறது. சாம்பாரோடு நாலு இட்லி, எண்ணெயில் பொரித்ததைக் காட்டிலும் வயிற்றுக்கு நல்லது. விற்கிற வீட்டுக்காரர்களே அதைச் சாப்பிடாமல் டீயும் பாவும் தின்று போவதுதான் ஆச்சரியம்.

முதல் நாலைந்து நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். பத்தரை மணிச் சோற்றுக்குப் பழகிய உடம்பு உடனே ஒத்துக்கொள்ளாது, தட்டைப் பார்த்து முணுமுணுக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தாங்களாகவே வெட்டிவிடக் கூடாது. அவர்களுக்கு நடு இரவிலோ விடிகாலையிலோ வியர்த்து, கை நடுங்கி, அகோரமாகப் பசித்தால் அது சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மாறாக, மருந்து எதுவும் சாப்பிடாதவருக்கு எந்நேரமும் பசி, தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், மெலிவு என்று சேர்ந்து வந்தால் அது நீரிழிவின் தொடக்கமாக இருக்கக்கூடும். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது, 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களும் கோவில் கமிட்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துகின்றன. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஆறரைக்கு முதல் ஆளாக வரிசையில் நின்று விரலை நீட்டினால், இடையில் ஏழு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அவர் கைக்கு வரும் எண்ணை நம்பி அவர் பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. முகாம் நோட்டீஸில் தலைவர், செயலாளர் பெயர்களை நாலு வரி குறைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரி கொட்டை எழுத்தில் போடட்டும். ஊசி குத்துவதற்கு முன்னால், "அண்ணாச்சி, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டிய?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.