பேக்குகளைப் பார்த்துக்கொள்பவன்

போன வருஷம் எங்கட பெட்ச் ட்ரிப் ஆலங்குடா கடற்கரைக்குப் போனது. மதுரங்குளியில் ஏறி, பாலாவிச் சந்தியில் கல்பிட்டிப் பக்கம் திரும்பும்போதே வேனுக்குள் பாட்டு, கும்மாளம். இறங்கினதும் எல்லாரும் செருப்பைக் கழட்டிப் போட்டுவிட்டுத் தண்ணியை நோக்கி ஓடினோம். ஒருத்தன் மட்டும் வேன் கதவோரமாகத் தன் சக்கர நாற்காலியிலேயே இருந்தான். முன்னால் முழுக்கச் சொரிமணல். "நீங்க போய்ட்டு வாங்கடா, நான் பேக்குகளப் பாத்துக்கொள்றன்" என்றான். நாங்களும் போனோம். மூன்று மணித்தியாலம்.

பின்னேரம் வேனுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த குரூப் போட்டோவில் அவனும் இருக்கிறான். அதைப் போட்டவர் மேலே எழுதியிருந்தது: "முழு பெட்சும் கடற்கரையில்." அவன் கடற்கரையில் இருக்கவில்லை. கடற்கரைக்குப் போகும் றோட்டில் இருந்தான்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது, பிரச்சினையே அதுதான். இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் பேசினோம். டீசேர்ட் என்ன நிறம், புரியாணியா சோறு கறியா, ஸ்பீக்கர் யார் கொண்டு வாறது என்று எல்லாம் முடிவெடுத்தோம். றோட்டில் இருந்து தண்ணி வரைக்கும் எவ்வளவு தூரம், நிலம் எப்படி, மலசலகூடத்துக்கு எத்தனை படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் நடக்கிற ஆக்கள், அதனால் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் முதலில் வரும் பதில், "தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே." நாங்களும் பிறகு அவனிடம் அப்படித்தான் சொன்னோம். அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "தூக்கிக்கொண்டு போனா, நான் எப்ப திரும்பி வரணும் எண்டதும் உங்கட கையிலதான் இருக்கும்." அதுக்குப் பிறகு எங்களுக்குப் பேச்சு வரவில்லை. கடலைப் பார்க்கப் போவதென்றால் நினைத்த நேரம் போய், அலுத்த நேரம் திரும்பி வருவது. அதை இன்னொருத்தர் தோளில் இருந்துகொண்டு செய்ய முடியாது.

"இயற்கை அப்படித்தான், அதுக்கு என்ன செய்யலாம்" என்பது இரண்டாவது பதில். வில்பத்துவை எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர, அங்கே யாருக்கும் வாகனத்தை விட்டு இறங்க அனுமதி இல்லை. எவ்வளவு நல்லா நடக்கிற ஆளும் ஜீப்பில் இருந்தபடிதான் சிறுத்தையைத் தேட வேண்டும். அப்படியென்றால் அங்கே மாற்றுத்திறனாளியைத் தடுப்பது காடு இல்லை. ஜீப்பின் உயரமான படிதான் தடுக்கிறது. அந்தப் படிக்கு ஒரு சாய்தளமும் உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தால் மிச்சத்துக்கு எல்லாரும் சமம். ஆனவிழுந்தாவ சரணாலயமும் எங்களுக்குத் தூரமில்லை. ஒன்றோடொன்று தொடுத்த பழைய குளங்கள், 2001இல் இருந்து ராம்சார் ஈரநிலம். பறவை பார்க்க மலை ஏறத் தேவையில்லை, குளக்கட்டில் அசையாமல் இருந்தால் போதும். விடியற்காலைக் குளக்கரையில் கண் தெரியாத ஒருவருக்குக் கேட்பதில் பாதி கூட எங்கள் காதில் விழாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் கட்டடங்களோடு பொது இடங்களையும் சேர்த்தே பேசுகின்றன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே போராடிய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் உரிமை என்றே சொல்கிறது. ஆனால் எங்கட ஊரில் அணுகல் என்றால் வங்கி வாசலில் ஒரு சரிவுப் பாதை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போக வழி வேண்டும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். சும்மா காத்து வாங்கப் போக வழி கேட்டால் அது ஆடம்பரம் ஆகிவிடுகிறது. எங்களுக்கு மட்டும் அது ஏன் ஆடம்பரமாகத் தெரிவதில்லை?

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு இயலாமை உண்டு. கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர். வயது போனவர்களும் இதில் அடக்கம். 50 பேர் போகும் ஊர்ப் பயணத்தில் நாலு பேராவது இருக்க வேண்டிய கணக்கு இது. நாங்கள் போன பயணங்களில் அந்த நாலு பேர் எங்கே இருந்தார்கள்? வீட்டில்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. சென்னை மெரினாவில் பல வருஷமாக டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாளைக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் விடாமல் கேட்டன. 2022 நவம்பர் 27ஆம் திகதி, 263 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. முதல் தடவையாக அலைக்குக் கிட்டப் போனவர்களின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கிழமைக்குள் மாண்டஸ் புயல் அதை உடைத்தது. "வீண் செலவு" என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் திருத்தித் திரும்பத் திறந்தார்கள். வெள்ளத்தில் பாலம் உடைந்தால் பாலமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

எங்களிடம் மெரினாக் காசு இல்லை. ஆனால் தென்னைக்குப் பேர்போன மாவட்டம் இது. தும்பு எங்களுக்குப் புதுசா? இறுக்கமாக முடைந்த தும்புப் பாயையும் பலகையையும் மணலில் விரித்து, பின்னேரம் சுருட்டி எடுக்கலாம். கொங்கிறீட் கொட்டி கரையை நாசமாக்கத் தேவையில்லை. சக்கர நாற்காலி அதில் புதைகிறதா என்று முதலில் பத்து மீற்றரில் சோதித்துப் பார்ப்போம், புதைந்தால் வேறு வழி யோசிப்போம். பிரான்சில் 1987இல் ஜோயல் குளோடெல் என்ற மலை வழிகாட்டி, நடக்க முடியாத தன் உறவுப் பையனுக்காக ஒற்றைச் சக்கரத்தில் ஒரு நாற்காலி செய்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் மலைப்பாதையிலும் போகும். "ஜோலெட்" என்று அது பல நாட்டில் ஓடுகிறது. அதைச் செய்தது கம்பனி இல்லை. "நீயும் வா" என்று சொன்ன ஒரு சொந்தக்காரன்.

அதனால் எங்கட குழு மூன்று விஷயம் முடிவெடுத்திருக்கிறது. ஒன்று, போகிற இடத்தை ஒரு கிழமைக்கு முதல் இரண்டு பேர் போய்ப் பார்ப்பார்கள்: நிலம், நிழல், மலசலகூடம், வாகனத்தின் படி. இரண்டு, அந்த இரண்டு பேரில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருப்பார், ஏனென்றால் நாங்கள் பார்த்தால் எங்கள் கண்ணுக்குப் படி படியாகத் தெரியாது. மூன்று, ஒருத்தராவது போக முடியாத இடம் என்றால் இடத்தை மாற்றுவோம், ஆளை விட்டுவிட்டுப் போக மாட்டோம். பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் எழுதுகிறோம். முந்தல் களப்போரமாக ஒரு இருநூறு மீற்றர் சமதளப் பாதையும், படி இல்லாத ஒரு மலசலகூடமும் கேட்டு.

பதில் வர நாளாகும், தெரியும். அதுவரைக்கும் குளக்கட்டுகள் இருக்கின்றன. இடம்பெயர் பறவைகள் வரும் காலத்தில் ஆனவிழுந்தாவைக்குப் போகிறோம். முதலில் போய்ப் பார்த்து வருவது அவன்தான். பேக்குகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வேனுக்குப் பூட்டு இருக்கிறது.