பிராந்தி மலிவு! சைடர் எட்டாக் கனி!
புதுவை மதுக்கடைகளின் விசித்திரம்

புதுவை என்றதும் பலருக்குக் கடற்கரைக்கு முன்பே மதுக்கடைதான் ஞாபகம் வருகிறது. அங்கே சரக்கு மலிவு. இது ஊர் அறிந்த சேதி.

ஆனால், எந்தச் சரக்கு மலிவு? அதைக் கேட்பார் இல்லை!

சைடர் என்று ஒரு பானம் உண்டு. ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்வது. பிரான்சில் நார்மண்டி, பிரிட்டனி பகுதிகளில் குடியானவர்கள் வீட்டிலேயே தயாரித்த பானம் அது. சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதும் புளித்துவிட்டால் இனிப்பு போய்விடும். அதுதான் 'டிரை' சைடர். அதில் சாராயச் சத்து சுமார் 5, 6 சதவீதம். நம் ஊர்ப் பிராந்தியிலோ 42.8 சதவீதம்!

புதுவை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1954 நவம்பர் 1-ந் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்த ஊரிலேயே பிரெஞ்சு சைடரை மலிவாக வாங்க முடியாது. காரணம் துறைமுகத்தில் இருக்கிறது.

2021 மத்திய பட்ஜெட்டில், இறக்குமதி மதுவுக்குச் சுங்க வரி 50 சதவீதம், விவசாய மேம்பாட்டு வரி 100 சதவீதம் என்று வைத்தார்கள். 100 ரூபாய்ச் சரக்கு, கரை இறங்கும்போதே 250 ரூபாய் ஆகிவிடும். மாநிலக் கலால் வரியும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேல்.

உள்நாட்டிலேயே செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் ஆப்பிள் விளைவது காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும். பிராந்திக்கு அந்தக் கவலை இல்லை. மலிவு ரகங்களில் பெயர்தான் பிராந்தி. மூலப்பொருள் பெரும்பாலும் திராட்சை அல்ல. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகு!

மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரியை ஏற்றுவதும் இறக்குவதும் மாநில சர்க்காரின் கையில். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்குப் பின் புதுவையில் கடைகள் திறந்தன. எல்லை தாண்டி வரும் கூட்டத்துக்குப் பயந்து, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாகும்படி சிறப்பு வரி போட்டார்கள். மலிவு மாயமாயிற்று! 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியது. மலிவும் திரும்பியது.

ஆகவே, எது மலிவாக இருக்க வேண்டும் என்பதை சர்க்கார் நினைத்தால் மாற்றலாம். பிரிட்டனில் 2023 ஆகஸ்டு முதல் மதுவின் வீரியத்தைப் பார்த்து வரி போடுகிறார்கள். வீரியம் ஏறினால் வரியும் ஏறும்.

அதே கணக்கைப் புதுவையில் போட்டால், முதலில் விலை ஏறுவது பிராந்திதான். அந்த மலிவுப் பிராந்தியை நம்பித்தான் வார விடுமுறைக் கூட்டம் பஸ் ஏறுகிறது. கடைக்காரர் விடுவாரா? கஜானாதான் விடுமா?